இரண்டு மில்லிமீட்டர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். ஓய்வுபெற இன்னும் 3 வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் நடுகல் பார்க்கப் போவேன். 7 வருடமாக ஒரே போன். திரை சின்னது, எனக்கோ வெள்ளெழுத்து. கல்வெட்டுத் தொகுதிகளின் பி.டி.எஃப். கோப்புகளை அதில் பத்து நிமிடம் படித்தாலே கண் வலிக்கிறது.

சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா வாங்கலாமா என்று யோசிக்கிறேன். 6.9 அங்குலத் திரை, 200 மெகாபிக்சல் கேமரா, 2025-இல் வந்தபோது விலை 1,29,999 ரூபாய். மகன் வாங்கிவிடுங்கள் என்கிறான். மனைவி, போனுக்கா இவ்வளவு பணம் என்கிறார். நீங்களும் பெரிய போன் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். போன மாதம் எடுத்த நடுகல் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். கல்லில் ஐந்து வரி வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து) இருக்கிறது. படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இந்த போன் இருந்தால் தெரியுமா?

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் திரை.

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி ஒரு ஸ்கேலை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். கடையில் சொல்லும் 6.9 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. படிக்கிறவருக்கு வேண்டியது அகலம். ஒரு வரி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. எஸ்25 அல்ட்ராவின் திரை அகலம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். 20,000 ரூபாய் போன்களில் 6.7 அங்குலத் திரை இன்று சர்வசாதாரணம். அதன் அகலம் 70, 71 மில்லிமீட்டர். படிப்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், கூடுதலாகக் கொடுக்கும் ஒரு லட்சத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 2 மில்லிமீட்டர்.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் கண்ணில் பட்டது. 2011-இல் சாம்சங் முதல் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தபோது அதை எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள், இவ்வளவு பெரிய போனா என்று. அதன் திரை 5.3 அங்குலம்தான். ஆனால் அந்தத் திரை குட்டையாக, அகலமாக இருந்தது. அகலம் 71 மில்லிமீட்டர். அதற்குப் பிறகான பதினான்கு வருடத்தில் போன்கள் நெட்டையாக வளர்ந்தனவே தவிர, எழுத்து பரவுகிற பக்கம் அநேகமாக அப்படியேதான் இருக்கிறது. போனின் உடம்பை அளந்தால் பழைய நோட் 83 மில்லிமீட்டர், எஸ்25 அல்ட்ரா 77.6. ஓரத்துப் பட்டைகளைக் குறைத்துத்தான் திரையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் படிப்பது செய்தியோ வாட்ஸப்போ என்றால் எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளலாம். வரி மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும். கல்வெட்டுத் தொகுதியில் அது நடக்காது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வந்தது. அந்தத் தொகுதிகளை ஸ்கேன் செய்த கோப்பில் பக்கம் என்பது ஒரு படம். அந்தப் பெரிய பக்கத்தை 73 மில்லிமீட்டருக்குள் சுருக்கினால் அடிக்குறிப்பு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். விரலால் விரித்து, இடமும் வலமுமாக இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் கண் வலிக்குப் பாதிக் காரணம் இந்த இழுப்புதான் என்று நினைக்கிறேன். 11 அங்குல டேப்லெட்டை நெடுக்காகப் பிடித்தால் அகலம் 148 மில்லிமீட்டர், அல்ட்ராவைப்போல இரண்டு மடங்கு. விலை அல்ட்ராவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொகுதிகளைப் படிக்கும் ஒருவருக்கு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி, போன் ஈடாகாது.

தமிழில் தட்டச்சு செய்வதற்குப் பெரிய போன் உதவும், அதை மறுக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் மேல்வரிசையில் மட்டும் 12 விசைகள், ஆங்கிலத்தில் பத்துதான். சின்னத் திரையில் ன-வைத் தொட்டால் ற விழும். நீங்கள் அந்த விசைப்பலகைதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் புது போனில் நிம்மதி தெரியும். ஆனால் அந்த நிம்மதியையும் 6.7 அங்குல போனே கொடுத்துவிடும்.

அடுத்தது கை. அல்ட்ராவின் எடை 218 கிராம். 2012-இல் வந்த ஐபோன் 5-இன் எடை 112 கிராம். அதில் இரண்டைச் சேர்த்துப் பிடித்த மாதிரி. கவரும் போட்டால் கால் கிலோவை நெருங்கும். என் பெரிய போனை இரண்டு வருடம் வைத்திருந்தேன். ஒற்றைக் கையில் பிடிக்கும்போது கீழே விழாமல் தாங்குவது சுண்டுவிரல். ஆறு மாதத்தில் அந்த விரலின் நடுக்கணுவில் காய்த்துப்போய், இரவில் வலிக்கத் தொடங்கியது. சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே நிற்கும். ஒருநாள் ஊரில் கிணற்றடியில் வாளியை எடுக்கக் குனிந்தபோது போன் நழுவிக் கல்லில் விழுந்தது. திரை மாற்ற அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகைக்கு நல்ல போன் ஒன்றையே வாங்கியிருக்கலாம். கட்டினேன், வேறு வழியில்லை. நீங்கள் முள்வேலி தாண்டி, வரப்பில் நடந்து, கல்லுக்கு முன்னால் குனிந்தும் உட்கார்ந்தும் வேலை செய்கிறவர். ஆகவே இதைச் சொல்லத் தோன்றியது.

அப்படியென்றால் அந்த 1,29,999 ரூபாய் எதற்குப் போகிறது? வேகமான சில்லு, டைட்டானியச் சட்டம், நான்கு கேமராக்கள், திரையில் எழுதும் பேனா, ஏழு வருடத்துக்கு மென்பொருள் புதுப்பிப்பு. பேட்டரிக்கு இல்லை. அது 5000 எம்.ஏ.ஹெச்.; 2020-இல் எஸ்20 அல்ட்ரா வந்ததிலிருந்து அதே அளவுதான், நடுத்தர விலை போன்களிலும் அதே அளவோ அதற்கு மேலோ கிடைக்கிறது. ஒரே போனை 7 வருடம் வைத்திருந்த மனிதருக்கு ஏழு வருடப் புதுப்பிப்பு என்பது உண்மையான மதிப்பு. நீங்கள் இன்னும் நான்கு வருடம் ஓய்வூதியத்திலும் அதைப் பயன்படுத்துவீர்கள்.

யாரும் அதிகம் பேசாத இன்னொன்றும் இருக்கிறது. அல்ட்ராவின் கண்ணாடி. எஸ்24 அல்ட்ராவிலிருந்து திரைக்கண்ணாடியில் பிரதிபலிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒரு நண்பரின் போனையும் என்னுடையதையும் உச்சி வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் திரையில் வானமும் என் நெற்றியும் தெரிந்தன. அவருடையதில் படம் தெரிந்தது. வெட்டவெளியில் படம் எடுக்கிறவருக்கு இது பெரிய வரம். வாங்கினால் மேலே மலிவான ஸ்க்ரீன் கார்டு ஒட்டிவிடாதீர்கள், அந்தப் பலனே போய்விடும்.

கேமராவுக்கு வருவோம். 200 மெகாபிக்சல் என்பதைக் கண்டு மயங்க வேண்டாம். சாதாரணமாக எடுக்கும்போது 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் அது தரும். உண்மையான பலம் 5 மடங்கு ஜூம் லென்ஸில் இருக்கிறது. அருணாசலேசுவரர் கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. அதில் மேல்நிலைச் சுதைச் சிற்பத்தின் முகத்தைத் தரையில் நின்றுகொண்டு எடுக்க அந்த லென்ஸ் வேண்டும்; 20,000 ரூபாய் போனால் முடியாது. ஆனால் நடுகல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். கோயில் கல்வெட்டுகளும் பெரும்பாலும் அதிட்டானத்திலும் (கோயிலின் அடிப்பீடம்) சுவரிலும் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. உங்கள் விருப்பம் கோபுரத்துக்குத் திரும்பினால், அப்போதும் எஸ்25 அல்ட்ரா வேண்டாம், எஸ்24 அல்ட்ரா போதும். அதே ஜூம் லென்ஸ், அதே ஏழு வருடம். 14 கிராம் எடை அதிகம், கடைகளில் விலை நன்றாகவே இறங்கியிருக்கிறது. அதன் பேனாவில் உள்ள பொத்தானை அழுத்தித் தூரத்திலிருந்தே படம் எடுக்கலாம். எஸ்25 அல்ட்ராவின் பேனாவில் புளூடூத்தை எடுத்துவிட்டார்கள். அந்த வசதி இல்லை. ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கப்போகிற உங்களுக்கு அது இழப்பு.

டார்ச் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் படத்தின் கீழ் ஓரத்தில் உங்கள் தலையின் நிழல் விழுந்திருக்கிறது. நீளமான நிழல். காலையில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று எடுத்திருக்கிறீர்கள். கல் கிழக்குப் பார்த்து நிற்கிறது. வெளிச்சம் நேராகக் கல்லின் முகத்தில் அடிக்கிறது. கல்லில் எழுத்துக்குத் தனி நிறம் இல்லை. வெட்டின பள்ளத்தில் விழும் நிழலால்தான் அது தெரியும். நேர் வெளிச்சம் அந்த நிழலை அழித்துவிடுகிறது. மைப்படி எடுப்பவர்கள் ஈரத்தாளைத் தூரிகையால் பள்ளத்துக்குள் அடித்து இறக்கி மேலே மை தட்டுவதும் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்துக் காட்டத்தான். 1,29,999 ரூபாய் கேமராவும் அந்த வெளிச்சத்தில் இதே படத்தைத்தான் எடுத்திருக்கும், வீரனின் வில்லும் இடுப்புக் கத்தியும் இன்னும் கொஞ்சம் துலக்கமாக.

ஆகவே என் யோசனை இது. அல்ட்ரா இப்போது வேண்டாம். 25,000 ரூபாய்க்குள் ஒரு 6.7 அங்குல போன், படிக்க ஒரு 11 அங்குல டேப்லெட், ஒரு சின்ன முக்காலி, நல்ல டார்ச் ஒன்று. எல்லாம் சேர்ந்து அல்ட்ராவின் விலையில் பாதிக்குள் முடிந்துவிடும். மீதிப் பணத்தை உங்கள் மனைவியிடமே கொடுத்துவிடுங்கள். கடையில் போனைக் கையில் எடுத்ததும், உங்களிடம் உள்ள தொகுதியிலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள். கவர் போட்ட நிலையில் ஒற்றைக் கையால் நாலு வரி தமிழில் அடித்தும் பாருங்கள்.

புது போன் வருவதற்கு முன்பே, வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தக் கல்லுக்கு மறுபடியும் ஒருமுறை போய் வாருங்கள். கிழக்கு முகக் கல் என்பதால் பதினோரு மணியைத் தாண்டினால் வெயில் உச்சியிலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும். அதற்கடுத்த முக்கால் மணி நேரத்தில் எடுங்கள். இல்லையென்றால் பொழுது சாய்ந்தபிறகு, போனை முக்காலியில் நிறுத்தி, டைமரில் போட்டுவிட்டு, டார்ச்சைக் கல்லின் இடப்பக்கம் ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு மேலிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று. மூன்று படங்களையும் அனுப்புங்கள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் ஏதோ ஓர் எழுத்தின் வளைவு எனக்கு இப்போதே மங்கலாகத் தெரிகிறது.

அன்புடன்.