‘ப்யூர் வெஜ்’ பலகையை நம்பலாமா? தீம் பார்க்கும் நனிசைவ உணவும்: வாசகர் கேள்வி பதில்

நான் பால், தயிர், நெய் எதுவும் சேர்ப்பதில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குப் போகிறோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்களாம். உள்ளே ‘ப்யூர் வெஜ்’ ஹோட்டல் இருக்கிறது என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– வாசகி, விழுப்புரம்

தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பலகை உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. நம் ஊரில் ‘வெஜ்’ என்றால் கறி, மீன், முட்டை கிடையாது என்றுதான் பொருள். பாலும் நெய்யும் அதற்குள் அடக்கம். கவுன்டரில் ‘வீகன்’ (நனிசைவம்: பால், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவு) என்று கேட்டால், ‘எல்லாமே வெஜ்தான் மேடம்’ என்பார்கள். அவர்கள் வரையில் அது உண்மை. அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, ‘இதுல பால், தயிர், நெய், வெண்ணெய் ஏதாவது போடுறீங்களா?’ என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘பால் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். நெய் தோசை வந்து நிற்கும். நெய்யைப் பாலோடு சேர்த்து நினைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

காலை டிபனில் கவலை குறைவு. இட்லி, மெதுவடை, பூரி பெரும்பாலும் சரியாக இருக்கும். பொடி இட்லியிலும் சாம்பார் இட்லியிலும் மேலே ஒரு கரண்டி நெய் விழும், முன்கூட்டியே மறுத்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னியில் சில சமையலறைகளில் கொஞ்சம் தயிர் கலப்பார்கள், அதையும் கேளுங்கள். பொங்கல், கேசரி, ரவா கிச்சடி மூன்றையும் கேட்காமலே விட்டுவிடலாம்.

தோசைக்குத்தான் கவனம் வேண்டும். பெரிய கல்லில் ஒரே நேரத்தில் ஏழெட்டு தோசை வேகும். மாஸ்டர் பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் நெய்க் கிண்ணமும் இருக்கும். ஒரே கரண்டி இரண்டிலும் போய் வரும். கூட்டம் நெருக்கினால் நெய்யை வரிசையாக எல்லாத் தோசை மேலும் சுற்றிவிடுவார். பில் போடுபவரிடம் சொன்னது கல்லடிக்குப் போய்ச் சேர்வதில்லை. டோக்கனை நீங்களே கல்லருகே கொண்டுபோய், மாவு ஊற்றும் முன்பே, ‘அண்ணே, இது எண்ணெய் மட்டும்’ என்று சொல்லுங்கள். மசாலா தோசை என்றால் உள்ளே வெண்ணெய்த் துண்டு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதியம் பல பார்க்குகளில் பஃபே. பணம் கட்டும் முன் ஒருமுறை உள்ளே நடந்து தட்டுகளைப் பார்த்துவிடுங்கள். சாதம், சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, பொரியல், அப்பளம் இருந்தால் உங்களுக்குச் சாப்பாடு இருக்கிறது. அவியலில் தயிர் இருக்கும். மோர்க்குழம்பைச் சொல்லவே வேண்டாம். கூட்டில் சிலர் பால் விடுவார்கள். பருப்புக்கு மேலே நெய் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். வெஜ் பிரியாணியில் தயிரும் நெய்யும் சேர்வது வழக்கம். ‘நான்’ ரொட்டி மாவைத் தயிரோ பாலோ விட்டுப் பிசைவார்கள். பரோட்டா மாவிலும் பால் சேர்ப்பதுண்டு. தந்தூரி ரொட்டி பெரும்பாலும் கோதுமையும் தண்ணீரும்தான். அடுப்பிலிருந்து எடுத்ததும் வெண்ணெய் தடவுவார்கள், அதை வேண்டாம் என்றால் போதும். கூடவே சன்னா மசாலா வாங்கினால் வயிறு நிறையும். வெண்ணெயும் கிரீமும் சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எப்போது கேட்கிறீர்கள் என்பது முக்கியம். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் போனால் யாருக்கும் காது கொடுக்க நேரம் இருக்காது. 11.45க்குப் போங்கள், இல்லாவிட்டால் 2.30க்கு மேல். இரண்டு நாள் முன்பே பார்க்குக்கு போன் போட்டு உணவகப் பொறுப்பாளரிடம் பேசிவிட்டால் இன்னும் நல்லது. நெய் இல்லாமல் எலுமிச்சைச் சாதம் தனியாகக் கிளறித் தர பல சமையலறைகளால் முடியும். அன்றைக்கு அங்கே போய் நின்று கேட்டால்தான் முடியாது.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், வெளியே வந்து சாப்பிடலாம் என்று நினைக்கிறேன். புளிச்சாதம் மதியம் வரை தாங்குமா? போன முறை ஊசிப்போய்விட்டது.
– வாசகர், சேலம்

தாங்கும். ஊசியதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: புளிக்காய்ச்சலில் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும், அல்லது சாதத்தைச் சூட்டோடு மூடியிருப்பீர்கள். சூடான சாதத்தின் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்து மறுபடி சாதத்தில் சொட்டும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் கெடாமல் என்ன செய்யும்?

நான்கு பேருக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, 10 வற்றல் மிளகாய், பெருங்காயம் தாளித்து, கெட்டியாகக் கரைத்த புளியை விட்டு, எண்ணெய் ஓரம் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். வறுத்து அரைத்த மல்லி, வெந்தயம், எள்ளுப் பொடியைக் கடைசியில் போடுங்கள். இதை முந்தின நாளே செய்துவிடலாம். காலையில் சாதத்தை உதிராக வடித்து, அகலத் தட்டில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு கலந்து கட்டுங்கள்.

வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், அது அடுப்பு. பார்க்கின் லாக்கர் அறையில் வைக்க விடுவார்களா, ஒருமுறை வெளியே வந்தால் கையில் முத்திரை குத்தி மறுபடி உள்ளே விடுவார்களா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி கட்டாதீர்கள், வெயிலுக்குச் சில மணி நேரம்கூட நிற்காது. தக்காளித் தொக்கு நிற்கும்.

குழந்தைகள் ஐஸ்கிரீம், பாப்கார்ன் கேட்பார்கள். பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கித் தரலாமா?
– வாசகி, கோவை

பச்சைப் புள்ளி பாலுக்கும் தேனுக்கும் சேர்த்தே உண்டு. நனிசைவத்துக்குத் தனி முத்திரை இருக்கிறது: 2022இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த விதிகளின்படி, பச்சை ‘வி’ எழுத்தும் அதன் மேல் சிறு இலையும். அது இல்லாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை வரியைப் படியுங்கள். பால் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட் மூன்றும் பாலிலிருந்து வருபவை. உப்பு மட்டும் போட்ட சிப்ஸ் சரி. மசாலா சிப்ஸில் பால் பவுடர் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று எழுதியிருப்பதை நனிசைவம் என்று பலர் நினைத்து ஏமாறுகிறார்கள். அதில் பால் கொழுப்புக்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். பால் பவுடர் அப்படியே இருக்கும். தண்ணீரில் செய்த ஆரஞ்சு, மாம்பழக் குச்சி ஐஸ் கேளுங்கள்.

பாப்கார்னில் மஞ்சளாக மணக்கும் கொழுப்பு வெண்ணெயா, நிறமும் வாசனையும் சேர்த்த பாமாயிலா என்பது அதன் டப்பாவைப் பார்த்தால் தெரியும், காட்டச் சொல்லுங்கள். கப் கார்னில் சோளத்தை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வெண்ணெயும் மசாலாவும் சேர்த்துக் குலுக்குவார்கள். ‘வெண்ணெய் வேண்டாம்’ என்றாலும் கிண்ணத்தில் ஒட்டியிருப்பது வந்துவிடும். ஆவியிலிருந்து எடுத்ததை நேராகக் கப்பில் போட்டு, மேலே உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து தரச் சொல்லுங்கள்; ருசியும் இதுதான் தூக்கல். பானி பூரி, வேகவைத்த வேர்க்கடலை, மாங்காய்க் கீற்று, இளநீர் எல்லாம் தைரியமாக வாங்கலாம். ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கினால் சீஸ் பொடி தூவாமல் கேளுங்கள். சிக்கன் பொரிக்கும் கடை என்றால் அதே எண்ணெயா என்பதையும் கேளுங்கள்.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். புளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போகிறாளாம். அங்கே பட்டினிதானா?
– வாசகர், திருநெல்வேலி

நம்மூரைவிட அங்கே சுலபம். 2019 முதல் மெனுவில் பச்சை இலைக் குறி போடுகிறார்கள். இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேராத பண்டம் என்று அதற்குப் பொருள். போனில் அவர்களுடைய செயலியிலேயே பார்த்து ஆர்டர் கொடுக்கலாம். அங்கே பிரபலமான ‘டோல் விப்’ என்ற ஐஸ்கிரீம் போன்ற பண்டத்தில், அன்னாசி வகையில் பால் கிடையாது. வெனிலாவோடு சுழற்றித் தருவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வெளிச் சாப்பாட்டுக்கும் தடை இல்லை. கண்ணாடிப் பாத்திரமும், உதிரி ஐஸ் கட்டியும் கூடாது. பெட்டி 61 × 38 × 46 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சூடுபடுத்தத் தேவையில்லாத, கடும் வாசனை இல்லாத உணவாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே பெருங்காயம் கமழும் புளிச்சாதத்தை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் தடவிய சப்பாத்தியை ஊறுகாய் இல்லாமல் உருளைக்கிழங்குப் பொரியலோடு சுருட்டி எடுத்துப் போங்கள். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுன்டர்களில் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீர் காசில்லாமல் தருவார்கள்.

பார்க்கில் மெஷின் டீ குடிக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பொத்தானை அழுத்தினால் பால் பவுடர் கலந்தே வரும். ‘நான்-டெய்ரி கிரீமர்’ என்று எழுதியிருந்தாலும் அதில் கேசினேட் இருக்கக்கூடும். பெயரைப் பார்த்து நம்பாமல் பாக்கெட்டைப் படியுங்கள். மெஷினில் வெந்நீர் மட்டும் வரும் குழாய் இருந்தால், ஒரு டீ பையும் பொட்டலச் சர்க்கரையும் கையில் வைத்திருங்கள்.