கார்ட்டூன் பாத்து புள்ள அழுவுறான்னா அதை நிறுத்திடணுமா?

சகோ, உங்க 7 வயசு பையன் கார்ட்டூன் பாத்துட்டு "பூமி அழிஞ்சிடும், அப்பா கார் ஓட்டுறதாலதான்"னு ராத்திரி அழுவுறான்னு எழுதியிருந்தீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. டக்குனு தடை பண்ணிடாதீங்க. தடை பண்ணா பயம் போகாது, உங்ககிட்ட சொல்றதைத்தான் நிறுத்துவான்.

எனக்கு இந்த மாதிரி கதைகள்ல பிரச்சனையா படுறது கருத்து இல்ல, வில்லன். 1990ல வந்த கேப்டன் பிளானட்ங்கிற சுற்றுச்சூழல் கார்ட்டூன்லயே பாருங்க, வில்லனுங்க நாசம் பண்றதையே ஆசையா பண்ணுவாங்க, ஆனா நிஜத்துல புகை வர்றது வேலைக்குப் போற, சமைக்கிற, பஸ் ஓட்டுற சாதாரண ஆளுங்களாலயும்தானே, அந்த இடைவெளியை யாரும் சொல்லித் தராததால புள்ள வில்லனைத் தேடி கடைசில அப்பா மேல கை காட்டுறான். அப்பா கெட்டவர் இல்ல, வேற வழி இன்னும் சுலபமா கிடைக்கலன்னு நேராவே சொல்லுங்க.

அப்புறம் ஓசோன் கதையைச் சொல்லுங்க, இது நிஜமா நடந்தது. பழைய ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரேல இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயு, வெயிலோட கெட்ட கதிர்களை வானத்துல தடுக்கிற ஓசோன் படலத்தை அரிச்சுது, 1987ல உலக நாடுகள் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுவைக் குறைச்சாங்க, இப்ப அண்டார்டிகா மேல ஓசோன் படலம் 2066 வாக்குல பழைய நிலைக்கு வரும்னு ஐநா விஞ்ஞானிகள் கணக்கு போட்டிருக்காங்க. பெரியவங்க சேர்ந்து சரி பண்ண விஷயம்னு கேட்டா புள்ளைக்கு எவ்ளோ தெம்பு வரும்!

கொஞ்ச நாள் கூடவே உக்காந்து பாருங்க, தூங்கப் போறதுக்கு முன்னாடி மட்டும் அந்த எபிசோடு வேண்டாம்.