அரை மணித்தியாலம் தொலைத்த சாதகம்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு 27 வயது. 1998 ஜூலை 10ஆம் திகதி பகல் 2.50க்குக் கொழும்பில் பிறந்தவள். ஒரு நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது. வெள்ளவத்தையில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாத்திரியார், பிள்ளைக்கு விருச்சிக லக்கினம், எட்டில் செவ்வாய், இந்த இடம் சரிவராது என்கிறார். செய்துதான் ஆகவேண்டும் என்றால் 85,000 ரூபாயில் ஒரு பரிகாரம் இருக்கிறதாம். கொட்டாஞ்சேனையில் இன்னொருவரிடம் காட்டினேன். அவர் துலா லக்கினம், செவ்வாய் ஒன்பதில், தோஷமே இல்லை என்கிறார். இரண்டு பேரும் உத்திராடம், மகர ராசி என்பதில் மட்டும் ஒற்றுமை. அண்ணி நாடி பார்க்கச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அன்ரிக்கு மை பார்க்கிற ஒருவரைத் தெரியுமாம். எதில்தான் உண்மை தெரியும்?

குழம்பிப்போன தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

சாத்திரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம்.

மகள் பிறந்த காலம் நினைவிருக்கிறதா? மழை இல்லாமல், மின்சாரம் தட்டுப்பட்டு, 1996 மே 25ஆம் திகதி நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளச் சொன்னார்கள். அந்த ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை திரும்பவில்லை. வன்னியில் பழைய நேரமே ஓடியது. கொழும்பில் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத்தான் முகூர்த்தத்துக்குப் போனோம்.

ஆக, உங்கள் மகள் புதிய நேரத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரித் துண்டில் 2.50 என்று இருந்தால், பழைய நேரப்படி அது 2.20. பஞ்சாங்கம் வைத்துக் கணிக்கிறவர் அந்த அரை மணித்தியாலத்தைக் கழிக்கவேண்டும். லக்கினம் என்பது பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கிற ராசி. ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். அதனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு, கழிக்க மறந்தால் லக்கினமே மாறிப்போகும். அன்றைக்குக் கொழும்பில் துலாம் முடிந்து விருச்சிகம் உதித்தது பழைய நேரம் இரண்டரை மணி தாண்டியபிறகு. 2.20 துலாம், 2.50 விருச்சிகம். சந்திரன் அரை மணித்தியாலத்தில் கால் பாகைதான் நகரும், அதனால்தான் இரண்டு குறிப்பிலும் நட்சத்திரம் ஒன்றாக இருக்கிறது. செவ்வாய் இரண்டு பேருக்கும் அதே மிதுனத்தில்தான். விருச்சிகத்திலிருந்து எண்ணினால் எட்டு, துலாத்திலிருந்து எண்ணினால் ஒன்பது. கொட்டாஞ்சேனைக்காரர் கழித்திருக்கிறார், வெள்ளவத்தைக்காரர் கழிக்கவில்லை. கதை அவ்வளவுதான். பேப்பர் விளம்பரத்தில் போடுகிற கிரகபாவத்தையும், அதுதான் அந்தத் தோஷக் கணக்கையும், இனி மாற்றவேண்டிவரும்.

சரி, சாத்திரத்தின் கணக்குப்படி கொட்டாஞ்சேனைக்காரர் சரி. ஆனால் அதற்காக அவர் மகளின் எதிர்காலத்தைக் கண்டுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருப்பது வேறு, அந்தக் கணக்குக்கு வாழ்க்கை கட்டுப்படுவது வேறு.

செவ்வாய் தோஷத்தையே எடுங்கள். 2, 4, 7, 8, 12. பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீட்டில் எங்கே செவ்வாய் இருந்தாலும் தோஷம் என்கிறார்கள். லக்கினத்தோடு விடாமல் சந்திரனில் இருந்தும் சுக்கிரனில் இருந்தும் எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எண்ணினால் ஊரில் தோஷம் இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிறகு அதே ஆட்களே ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். பூட்டும் அவர்களிடம், திறப்பும் அவர்களிடம். திறப்பின் விலை உங்கள் விஷயத்தில் 85,000 ரூபாய்.

ஏழரைச் சனியும் அப்படித்தான். எந்த நாளில் பார்த்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரருக்கு அது நடந்துகொண்டிருக்கும். வருகிறவரிடம் "உனக்கு இப்போது கஷ்ட காலம்" என்று சொன்னால், கஷ்டம் இல்லாமல் யார் சாத்திரியாரிடம் வருகிறார்கள்? பஞ்சாங்கத்திலும் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு வகைக் கணக்கு. உங்கள் மகளின் மகர ராசிக்குத் திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் ஏழரை முடிந்தது. வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான் முடிவு. ஒரே சனி, ஒரு வருட வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமா, மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமா என்று விரத நாளுக்கே சண்டை பிடித்த சனம் நாங்கள்.

நேரம் பார்த்து எதுவும் வெல்லலாம் என்றால், தவணை முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே தேர்தல் வைத்த மகிந்த ராஜபக்ச 2015 ஜனவரி 8ஆம் திகதி தோற்றிருக்கமாட்டார். அவருடைய சோதிடர் வெற்றி நிச்சயம் என்றுதான் சொல்லியிருந்தார்.

இனி அண்ணியின் நாடி. வைத்தீசுவரன்கோயில் ஆட்கள் கொழும்புக்கும் வந்து தங்கிப் பார்க்கிறார்கள். பெண்ணென்றால் இடது பெருவிரல் ரேகை, ஆணென்றால் வலது. ஒரு கட்டு ஓலையைக் கொண்டுவந்து வாசிப்பார்கள். "தகப்பன் பெயர் சிவன் பெயரா?" இல்லை. அந்த ஓலை போய்விடும். "முருகன் பெயரா?" ஓம். "மூன்று எழுத்தா?" இல்லை. இப்படி ஒரு மணித்தியாலம் நீங்கள் ஓமும் இல்லையும் சொன்னபிறகு, உங்கள் தகப்பன் பெயர் ஓலையில் இருந்தது என்று வீட்டுக்கு வந்து வியப்பீர்கள். நானும் போய் வியந்தவள்தான். என்னோடு வந்த தங்கைதான் பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: "அக்கா, அவ்வளவையும் நீதானே சொன்னாய்."

மை பார்க்கிறவரிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். வேறு எதையும் இவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் மனம் எதையாவது காட்டத்தான் செய்யும், மேகத்தில் முகம் தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டில் ஒருமுறை சங்கிலி காணாமல்போய் மை பார்த்தார்கள். "கட்டையான, கறுத்த பெண், வீட்டுக்குள் நடமாடுகிறவள்" என்று வந்தது. வேலைக்கு வந்த மலையகத்துப் பிள்ளை அன்றைக்கே அழுதுகொண்டு போனாள். இரண்டு மாதம் கழித்துச் சங்கிலி தையல் மெசினின் லாச்சிக்குள் கிடந்தது. அந்தப் பிள்ளையைத் தேடினோம், கிடைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் மை யாரைக் காட்டும்? "பிள்ளைக்கு யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள், உறவுக்குள்தான்" என்றால் அண்ணியோடு எப்படி முகம் கொடுத்துக் கதைப்பீர்கள்?

கிளி, கைரேகை, இப்போது பிள்ளைகள் போனில் பார்க்கிற டாரட் அட்டை எல்லாம் இருக்கின்றன. ஆடிவேலுக்குப் போன இடத்தில் கிளி எனக்கு எடுத்துத் தந்த சீட்டில் கடல் கடந்த யோகம் இருந்தது. இன்றுவரை தெகிவளையைத் தாண்டவில்லை. கிளிக்கு ஒரு நெல்மணி கிடைத்தது.

இவற்றில் எனக்குப் பிடித்தது பூக்கட்டிப் பார்ப்பது ஒன்றுதான். அம்மம்மா சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிக்கு முன்னால் போடுவா. சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவா. வெள்ளை வந்தால் செய்யலாம். சின்ன மாமியின் கல்யாணத்துக்குச் சிவப்பு வந்தது. அம்மம்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "பிள்ளை கை கழுவவில்லை, திரும்ப எடு" என்றா. மூன்றாம் தரம் வெள்ளை வந்தது. அம்மம்மாவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, அதுதான் விஷயம். காசும் செலவில்லை, யார்மேலும் பழியும் இல்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். சாத்திரியார் சொன்னது, அண்ணி சொன்னது, அன்ரி சொன்னது எல்லாம் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. இந்தப் பையனைப் பற்றி அவளோடு கதைத்தீர்களா? அவன் எங்கே வேலை, குடிப்பானா, கடன் இருக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகு அவளை வேலைக்கு விடுவானா என்று விசாரித்தீர்களா? மிதுனத்துச் செவ்வாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவனோடு வேலை செய்கிற ஒருவருக்குத் தெரியும்.

மகளுக்குச் சம்மதம் என்றால், மாப்பிள்ளை வீட்டுக்கு வெள்ளவத்தைக் குறிப்பைக் கொடுக்காதீர்கள். புதிதாக ஒன்று எழுதுவித்து, மேலே "பிறந்த நேரம் புதிய நேரப்படி பகல் 2.50, பழைய நேரப்படி 2.20" என்று இரண்டையும் போடச் சொல்லுங்கள். அவர்களுடைய சாத்திரியார் சுக்கிரனில் இருந்தும் எண்ணுகிறவரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தோஷம் பின்கதவால் திரும்பவும் வரும். மாப்பிள்ளையும் 1996 ஒக்டோபர் கடைசிக்கும் 2006 ஏப்ரல் 15க்கும் இடையில் பிறந்தவர் என்றால் அவருடைய குறிப்பிலும் அரை மணித்தியாலம் கழித்திருக்கிறதா என்று பாருங்கள்.