கண்ணாடியில் ஒட்டிய படமும் பெயர் தெரியாத முகங்களும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள். கடைசிக் கேள்வி தவிர எல்லாமே வீட்டில் இருக்கும் முகப்படங்களைப் பற்றியவை.

அப்பா இறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறோம். இப்போது படத்தின் கீழ்ப்பாதி கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. சட்டைக் காலர் அருகே கறுப்புப் புள்ளிகள் வேறு. கண்ணாடியைப் பிரித்து எடுக்கலாமா? – வாசகி, தங்கச்சிமடம்

பிரிக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரம் பட்டால் அது ஊறிப் பசையாகும், காய்ந்ததும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் காகிதம் கையோடு வரும், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கத்தி, சூடு, ஆவி எதுவும் வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. கையால் வண்ணம் தீட்டிய படமோ, மை தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டரில் போட்ட பிரதியோ என்றால் அதில் எல்லாம் கரைந்து போகும். ஒரே பிரதிதான் இருக்கிறது என்றால் எந்தப் படத்திலும் அதைச் செய்து பார்க்கக் கூடாது.

முதல் வேலை, இருக்கிற நிலையிலேயே நகல் எடுப்பது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பின்பலகையையும் சட்டத்தையும் மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்கலாம். மெல்லிய ரக ஸ்கேனர்கள் தன் கண்ணாடிக்கு ஒட்டி இருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். இடையில் இன்னொரு கண்ணாடி வந்தால் மங்கிவிடும். அப்படி ஆனால் போன் போதும். படத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, ஃபிளாஷை அணைத்து, கறுப்புச் சார்ட் அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். கறுப்பு அட்டை, உங்கள் முகமும் கூரையும் கண்ணாடியில் தெரியாமல் மறைத்துவிடும்.

அந்தப் புள்ளிகள் பூஞ்சணமாகத்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் அது வளரும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் கரையில் அதைத் தடுக்கவே முடியாது. பூமாலை கூடுதல் வினை. மாலையிலிருந்து சொட்டும் தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கிச் சட்டத்தின் கீழ் விளிம்பில் தேங்கி உள்ளே ஏறும். உங்கள் படம் கீழ்ப்பாதியில் ஒட்டியிருப்பது அதனால்தான். மாலையை நிறுத்தச் சொல்லவில்லை. சுவரில் நகலை மாட்டி, மாலையும் பொட்டும் அதற்கு வையுங்கள். மூலப்படம் ஒட்டிய கண்ணாடியோடு அப்படியே துணியில் சுற்றிப் பீரோவுக்குள் படுக்கை வாக்கில் இருக்கட்டும். இனி அந்தக் கண்ணாடிதான் அதற்குத் தாங்கு பலகை.

நகலுக்குச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். பின்னால் செய்தித்தாள் ஒட்ட விடாதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு அதுதான் முதல் தீனி. இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து அறுந்து படம் விழும். வலை பின்னும் நைலான் நூலை இரண்டு மூன்று புரியாக முறுக்கிக் கட்டினால் அந்தப் பயம் இல்லை. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒரு சென்டிமீட்டர் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.

பாட்டனார் கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஒரு தகரப்பெட்டி நிறையப் படங்கள் கிடைத்திருக்கின்றன. யார், எந்த வருடம் என்று எதிலும் எழுதவில்லை. உம்மாவுக்கு வயது எண்பது தாண்டிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், கீழக்கரை

உம்மாவிடமிருந்து. பெட்டி இன்னும் பத்து வருடம் இருக்கும், ஸ்கேன் செய்வதை அடுத்த மாதம்கூட வைத்துக்கொள்ளலாம். பெயர் சொல்ல ஆள் இருக்கும் காலம் அப்படித் தள்ளிப்போடக் கூடியதல்ல.

ஒரு அமர்வுக்குப் பத்துப் படம், அரை மணி நேரம். அதற்கு மேல் போனால் அவர்களும் சோர்வார்கள், பதிலும் குழம்பும். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அழைப்பு வராமல் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். 'இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லுங்கம்மா' என்று கேட்டால் 'பழைய படம்ப்பா' என்றுதான் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள்: ஓரத்தில் நிற்கிறவர் யார்? மடியில் இருக்கிற பிள்ளை யாருடையது? இது யார் வீட்டு வாசல்? இந்த நகை இப்போது யாரிடம் இருக்கிறது? நகையைக் கேட்டால் ஆள் தானாக வருவார். படத்தின் எண்ணை ஒலிப்பதிவில் வாயால் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பிறகு எந்தக் குரல் எந்தப் படத்துக்கு என்று தெரியாது.

பெயரை மட்டும் எழுதினால் போதாது. பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைக்கும் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தந்தை பெயர், வீட்டுப் பெயர், பட்டப்பெயர் மூன்றையும் சேர்த்து 'இடமிருந்து வலம்' என்று வரிசையாக எழுதுங்கள். பழைய காகிதப் படங்களின் பின்புறம் ஓரத்தில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பால்பாயின்ட் வேண்டாம், அதன் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்.

வருடத்தைக் கண்டுபிடிக்க முகத்தை விடப் பின்புறமும் பின்னணியும்தான் அதிகம் உதவும். ஸ்டுடியோ முத்திரையில் 623 என்று தொடங்கும் ஆறு இலக்க எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அடித்த முத்திரை, அஞ்சல் குறியீடு அப்போதுதான் வந்தது. 'சிலோன்' என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தையது, அந்த வருடம்தான் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனது. 'மதராஸ் மாநிலம்' என்றால் 1969 ஜனவரிக்கு முன்பு. கடைக்காரர் பழைய முத்திரையையே பல வருடம் அடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அதனால் ஒரே ஒரு சான்றை நம்பி வருடத்தை முடிவு செய்யாதீர்கள். தமிழில் எழுதியிருந்தால் 'லை', 'னை' எழுத்துகளைப் பாருங்கள். முன்னால் துதிக்கை போல வளைந்த பழைய வடிவம் என்றால் 1978 சீர்திருத்தத்துக்கு முன்பு எழுதப் படித்தவர் கை. அவர் 1990இல்கூட அப்படியே எழுதியிருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

உங்கள் கரைக்கு நல்ல காலக்காட்டிகள் இருக்கின்றன. பின்னால் பாம்பன் ரயில் பாலம் மட்டும் தனியாக நிற்கிறது, பக்கத்தில் சாலைப் பாலத்தின் தூண்கூட இல்லை என்றால் படம் 1914க்குப் பிறகு, சாலைப் பாலம் 1988இல் திறக்கும் முன்பு. இடியாத தனுஷ்கோடி ரயில் நிலையம் தெரிந்தால் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தையது. இலங்கைக்குக் கப்பலேறப் போகிறவரை அங்கே நிறுத்தி எடுத்த படமாகவும் அது இருக்கலாம், அதையும் உம்மாவிடம் கேளுங்கள். நெளிநெளியாக வெட்டிய வெள்ளை ஓரம், பழைய கறுப்பு வெள்ளைப் படம். சிவந்துபோன வண்ணப்படம் என்றால் அநேகமாக எழுபது, எண்பதுகள், அந்தக் காலத் தாள்களில் நீலச் சாயம்தான் முதலில் வெளிறும்.

பெயர் எழுதி முடித்ததும் தகரப்பெட்டியை விட்டுவிடுங்கள். மூடி இறுக்கமான ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராம். மழை இல்லாத நாளின் நண்பகலில், படங்கள் நன்றாக உலர்ந்த பிறகே மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணத்தை நாமே வளர்த்ததாகும். மணிகள் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்து ஆறவைத்து மறுபடி போடலாம். அந்துருண்டையை மட்டும் உள்ளே போடாதீர்கள், சில பிளாஸ்டிக் உறைகளை அது இளக்கிவிடும்.

அப்பத்தாவுக்கு இருப்பது பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றுதான். அதிலும் ஊதா முத்திரை காதோரம் விழுந்திருக்கிறது. பெரிதாக்கி மாட்ட வேண்டும். ஒரு கடையில் கணினி மூலம் புதுப் படம் போலவே ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். – வாசகர், மண்டபம்

3.5க்கு 4.5 சென்டிமீட்டர் படத்தை 1200 டிபிஐயில் எடுத்தால் சுமார் 1650க்கு 2120 புள்ளிகள் கிடைக்கும். 5க்கு 7 அங்குலத்துக்கு அது தாராளம், அதற்கு மேல் முகம் கரையத் தொடங்கும். பெரிய படம் வேண்டுமானால் முகத்தைப் பெரிதாக்காமல் சட்டத்தைப் பெரிதாக்குங்கள். 10க்கு 12 சட்டத்தில் அகலமான அட்டை விளிம்போடு 5க்கு 7 படத்தை வைத்தால் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தும் கண் அதில்தான் போய் நிற்கும்.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலையும் தனித்தனியே பார்த்தால் ஊதா மை பச்சையில் கறுப்பாகவும் நீலத்தில் வெகு மங்கலாகவும் இருக்கும். நீல சேனலை மட்டும் வைத்துக்கொண்டால் முத்திரையில் பெரும்பகுதி போய்விடும்.

கணினி தானாகச் செய்யும் 'புதுப்பித்தல்' விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: முகத்தில் கை வைக்க விடாதீர்கள். அது இல்லாத விவரத்தை எங்கிருந்தோ எடுத்துப் பொருத்தும். தண்டட்டி போட்டுத் தோள் வரை இறங்கிய காதை இளம்பெண் காதாக்கும், மூக்குத்தியைத் தூசி என்று துடைக்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் மடிப்பை மழித்துவிடும். கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: 'கீறலும் முத்திரையும் மட்டும் போகட்டும், முகம் மங்கலாகவே இருக்கட்டும்.'

ஓட்டு வீடு ஒழுகி ஆல்பம் நனைந்துவிட்டது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. – வாசகி, தேவிபட்டினம்

காயும் முன்பே பிரிக்க வேண்டும், காய்ந்தால் பிரியாது. குளிர்ந்த நல்ல தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டு, தானாக விலகும்போது எடுங்கள். கடல் தண்ணீர் பட்டிருந்தால் இரண்டு முறை அலசுங்கள். முகம் மேலே பார்க்கப் பழைய வேட்டியில் நிழலில் பரப்புங்கள், மேற்பரப்பைத் தொட வேண்டாம். இரண்டு நாளைக்குள் முடிக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். இங்க்ஜெட் படங்களைத் தண்ணீரில் போடாதீர்கள்.

கல்லூரி மாணவன். சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் கரையில் வலை பழுது பார்ப்பவர்களையும் படம் எடுக்க ஆசை. முகம் கறுத்து, பின்னால் வானம் வெள்ளையாக வருகிறது. – வாசகர், ராமேஸ்வரம்

வானத்தை நம்பிப் போன் ஒளியைக் குறைப்பதால் வரும் கோளாறு. முகத்தின் மேல் தொட்டு, கூடவே வரும் ஒளிக் கோட்டை மேலே இழுங்கள். அதைவிட நல்ல வழி, ஓலைக் கொட்டகையின் விளிம்புக்கு ஓரடி உள்ளே உட்காரச் சொல்வது. வெளியே வெயில் படும் மணல் கீழிருந்து முகத்துக்கு மெல்லிய ஒளி தரும். ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகும். தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். உப்புத் திவலை படிந்த லென்ஸை உலர்துணியால் தேய்த்தால் கீறும், முதலில் ஊதிவிட்டு லேசான ஈரத்துணியால் ஒற்றுங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள். பாசிக்குப் போகிற அக்காமார் தண்ணீர் வற்றும் நேரத்தைக் கணக்குப் பார்த்து இறங்குகிறவர்கள், அப்போது மறிக்கக் கூடாது. கரையேறி, மூட்டையை இறக்கி, கைவிரலில் சுற்றிய துணியை அவிழ்க்கும் வரை பொறுங்கள். 'மூஞ்சி கழுவிட்டு வாரேன் தம்பி' என்று ஒருவர் வீட்டுக்குப் போனால் காத்திருங்கள். அவர் பொட்டு வைத்து நல்ல சேலை கட்டி வந்து நிற்பதுதான் அவர் விரும்பும் படம். நனைந்த உடையில் நீங்கள் விரும்பியதை அதற்குப் பிறகு கேட்டுப் பாருங்கள்.

எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்தார் என்று ஆகாது. அதைத் தனியாகக் கேளுங்கள். படகின் பதிவெண் தெரியும் படத்தை உரிமையாளருக்குச் சொல்லாமல் எங்கும் போடாதீர்கள்.

4க்கு 6 அளவில் பிரதி போட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப்போகும், ஆவணமாக அனுப்பினால் முழு அளவில் போகும். பிரதியின் பின்னால் அவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். இப்போதைய லேப் தாளில் பென்சில் பிடிக்காது, சிடியில் எழுதும் மார்க்கரால் ஓரத்தில் எழுதிக் கால் மணி நேரம் காயவிட்டு அடுக்குங்கள். அவசரப்பட்டால் ஒருவர் பெயர் அடுத்தவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும்.