பெயரைப் பார்த்துத்தான் கதையைப் படிக்கிறீர்களா?

ஒன்பது வருஷமாக ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதல் ஆளாகப் படித்துத் தேர்வு செய்துவருகிறேன். எழுதுபவரின் பெயர், பின்னணி பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கே: புது ஆள் என்றால் படிக்காமலே ஒதுக்கிவிடுவீர்களா?

படிப்பேன். ஆனால் தெரிந்த பெயர் என்றால் முதல் பக்கம் இழுவையாக இருந்தாலும் 'போகப் போகச் சரியாகும்' என்று மூன்றாம் பக்கம்வரை பொறுத்துப் போகிறோம், புதியவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை, அது அநியாயம்தான். ஏற்கெனவே பெயர்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் டோரிஸ் லெஸ்ஸிங் 1980களில் ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் நாவல் அனுப்பியபோது அவருடைய பதிப்பகமே அதை வேண்டாம் என்றது. எங்கள் இதழில் இப்போது பெயரை எடுத்துவிட்டுத்தான் கதையை என்னிடம் தருகிறார்கள்.

கே: வீட்டில் தெரிந்தால் பிரச்சினை. புனைபெயரில் அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். கவிஞர் சல்மாவின் 'சல்மா' என்பதே வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர்தான். ஆசிரியருக்கு மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லி, 'வெளியிட வேண்டாம்' என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இதழ் உங்கள் வீட்டு முகவரிக்கு வந்து நிற்கக்கூடாது, அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் ஒரு ஆண், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் என்று சொல்லி அனுப்பினால் என்ன தப்பு?

தப்புதான். மறைந்துகொள்வது வேறு, இன்னொருவர் பட்ட பாட்டை எடுத்துப் போர்த்திக்கொள்வது வேறு. அமெரிக்காவில் மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற வெள்ளைக்காரக் கவிஞர் தன் பெயரில் 40 முறை திரும்பிவந்த கவிதையை யி-ஃபென் சௌ என்ற சீனப் பெயரில் அனுப்பினார், அது 2015ஆம் ஆண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகள் தொகுப்புவரை போனது. தொகுத்த ஷெர்மன் அலெக்ஸி, அந்தப் பெயருக்காகக் கூடுதல் கவனம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் சீனப் பெயரிலும் அது 9 முறை திரும்பியிருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை!

கே: தன்குறிப்பில் ஊர், சாதி, வேலை எல்லாம் எழுத வேண்டுமா?

விருப்பம் இருந்தால் எழுதுங்கள், கட்டாயமில்லை. ஒருமுறை பெயரில்லாமல் ஒரு கதை என் கைக்கு வந்தது. பனியன் கம்பெனியில் நாளெல்லாம் பிசிறு வெட்டும் பெண், ராத்திரி சோறு வடிக்கும்போது மகளின் பாவாடை ஓரத்தில் தொங்கிய நூலைத் தன்னையறியாமல் கிள்ளிவிடுகிறாள். தேர்வான பிறகுதான் குறிப்பைக் காட்டினார்கள்: 'திருப்பூர். செக்கிங் வேலை.'