திறந்த ஃபில்டர் போட்டால் இழுவை கூடுமா?

கேள்வி: என்னிடம் 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப் இருக்கிறது, 12 வருட வண்டி. வார நாள்களில் செம்பனைத் தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றுகிறேன். மாதம் ஒருமுறை கூட்டாளிகளோடு லாசா பக்கம் காட்டுப் பாதைக்குப் போவோம். கொஞ்ச நாளாக, இரண்டாம் கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது முதல் கியர் கேட்கிறது. கரும்புகையும் வருகிறது. ஏர் பாக்ஸை (ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) தூக்கிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டு, ஸ்நார்க்கலும் (கூரை உயரத்தில் காற்று எடுக்கும் குழாய்) வைத்தால் பவர் ஏறும் என்கிறார்கள். செய்யலாமா ஐயா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஸ்நார்க்கல் வைக்கலாம் தம்பி. கூம்பு ஃபில்டரை மட்டும் வாங்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உங்கள் வண்டிக்குப் புதிதாகப் பவர் தேவைப்படவில்லை, இருந்த பவர் போயிருக்கிறது. அதே மேடு, அதே மூட்டை, ஆனால் கியர் இறங்குகிறது என்றால் காற்று வரும் வழியில் எங்கோ அடைப்போ ஒழுக்கோ இருக்கிறது. கரும்புகையும் அதைத்தான் சொல்கிறது. டீசல் இஞ்சினில் புகை கறுப்பாக வந்து இழுவை குறைந்தால் காற்றுப் பற்றாக்குறை. புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் பெரும்பாலும் டீசல் எண்ணெய்ப் பற்றாக்குறை.

கூம்பு ஃபில்டர் ஏன் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். முதலாவது சூடு. ஏர் பாக்ஸ் வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த ஃபில்டரோ பானட்டுக்குள் ரேடியேட்டரும் டர்போவும் சுட வைத்த காற்றைக் குடிக்கிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அதே லிட்டர் காற்றில் எடை 9 சதவீதம் குறைந்துவிடும். டர்போ அதை ஈடுகட்டப் பார்க்கும், ஆனால் அதற்காகக் கூடுதலாகச் சுழன்று கூடுதலாகச் சூடேறும். ஃபில்டர் மாட்டியதும் இஞ்சின் ‘ஹூ’ என்று இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் பலர் பவர் என்று நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் தூசி. எனக்கு மனசு பதைப்பது இதில்தான். 2.5 லிட்டர் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 3000 சுற்றில் நிமிடத்துக்கு 3750 லிட்டர். டர்போ ஒரு பார் அழுத்தம் கொடுக்கும்போது ஏறத்தாழ 7000 லிட்டர். நிமிடத்துக்கு இவ்வளவும், முன்னால் போகும் குலை லோரி கிளப்பிவிட்ட செம்மண் புழுதிக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் புழுதியில் இருக்கும் படிகக்கல் துகள் பிஸ்டன் ரிங்கைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் மண்ணை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். 10, 20 மைக்ரான் அளவில் நுழைகிறதே, அதுதான் எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து உலோகத்தை அரைக்கும்.

ஃபில்டர் பெட்டியில் ஐ.எஸ்.ஓ. 5011 என்ற ஏர் ஃபில்டர் சோதனையின் முடிவு அச்சிட்டிருந்தால் வடிகட்டும் சதவீதத்தைப் பாருங்கள். ஒன்றில் 99.5, இன்னொன்றில் 97 என்று இருந்தால் ‘இரண்டரைதானே வித்தியாசம்’ என்று எண்ணாதீர்கள். முதலாவது 0.5 பங்கு தூசியை விடுகிறது, இரண்டாவது 3 பங்கு. அதாவது ஆறு மடங்கு. தார் ரோட்டில் மட்டும் ஓடும் காருக்கு இது பெரிதில்லை. தோட்டத்து வண்டிக்கு இதுதான் ஆயுள்.

சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு பிக்கப் வந்தது. கூம்பு ஃபில்டர் போட்டு எட்டு மாதம். இஞ்சின் எண்ணெய் குறைகிறது என்று கொண்டுவந்தார்கள். டர்போவின் வாய்க்குழாயைக் கழற்றிப் பார்த்தால், கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ் முனைகள் அரம் போட்டுத் தேய்த்த மாதிரி மெலிந்திருந்தன. குழாயின் உள்சுவரில் விரலை வைத்தேன், குங்குமம் போல ஒட்டிக்கொண்டு வந்தது மண்.

நீங்களும் இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குங்கள். ஃபில்டருக்குப் பின்னால் டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பசை இருக்கலாம். சிவப்பு மண் இருக்கக் கூடாது. இருந்தால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது, அல்லது பாக்ஸ் மூடி சரியாக உட்காரவில்லை. ஃபில்டரை எடுத்து உள்ளே டார்ச் அடித்து இருட்டில் பாருங்கள், ஊசித் துளையும் தெரியும். தோட்டத்தில் எல்லாரும் கம்ப்ரசர் காற்றை நேராகக் காகிதத்தில் அடிக்கிறார்கள். அதில்தான் கிழிகிறது. அடித்தே ஆகவேண்டும் என்றால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குக் கீழே, ஒரு சாண் தள்ளி நின்று அடியுங்கள். புது ஃபில்டர் விலை டர்போ விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். இதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் உயரப் பலகையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை ‘ப’ எழுத்து மாதிரி, இரண்டு முனையும் மேலே பார்க்க வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குச் சிவப்பு சிராப் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயைக் கழற்றி, ஒரு சின்ன நிப்பிள் வைத்து (துளைத்த தூள் ஒரு பொட்டுகூட உள்ளே தங்கக் கூடாது), அங்கிருந்து ஒரு ஹோஸை இழுத்து இந்தக் குழாயின் ஒரு முனையில் மாட்டுங்கள். மறுமுனை திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, மேட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஏறும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பார்க்கச் சொல்லுங்கள். கனரக டீசல் இஞ்சின்களுக்கு வழக்கமாகச் சொல்லும் உச்ச வரம்பு 25 அங்குலம், சுமார் 63 சென்டிமீட்டர். உங்கள் வண்டிக்கு அதைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். பழைய ஃபில்டரோடு ஒரு தடவை, புதியதோடு ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றென்றால் ஃபில்டர் மேல் பழி இல்லை. வேலை முடிந்ததும் நிப்பிளை இறுக்கமாக அடைத்துவிடுங்கள்.

அடுத்து, டர்போவுக்குப் பிறகு வரும் ஹோஸ்கள். 12 வருட ரப்பர் கிளிப்புக்குப் பக்கத்தில்தான் வெடிக்கும். வெளியே தெரியாது, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் பிளக்கும். மேட்டில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால், ஹோஸின் கீழ்ப்பக்கம் எண்ணெய் நனைந்திருந்தால், ஒழுக்கு அங்கேதான். டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் இதழ்களில் சேறு காய்ந்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் ஜெட் வேண்டாம், இதழ் மடங்கிவிடும்.

இந்த வயது வண்டியில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டும் பார்க்க வேண்டிய இடம். ஈ.ஜி.ஆர். (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் விடும் அமைப்பு) அனுப்பும் கரியும், இஞ்சின் மூச்சுக் குழாயில் வரும் எண்ணெய் ஆவியும் கலந்து, உள்ளே தார் மாதிரி படிந்து வழியைச் சுருக்கிவிடும். கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஓடும் இஞ்சினில் ஸ்பிரே அடித்தால், பெயர்ந்த கட்டி வால்வில் போய் உட்காரும். ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால் அதற்கென்று விற்கும் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள், பிரேக் கிளீனர் ஆகாது. டீசல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. அது தண்ணீரை ஈர்க்கும், பழைய டாங்கியின் படிவையும் கரைத்துக் கொண்டுவரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஸ்நார்க்கல். ‘முன்காற்று தானாக உள்ளே தள்ளும்’ என்பது கணக்குக்கு நிற்காது. மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்று தரும் கூடுதல் அழுத்தம், காற்றுமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. தோட்டப் பாதையின் 20, 30-இல் அதுவும் இல்லை. ஸ்நார்க்கலின் உண்மையான பலன், கூரை உயரத்தில் புழுதி குறைந்த, குளிர்ந்த காற்று. அப்புறம் தண்ணீர். 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் பாதைப் போட்டியின் வண்டிகள் மழைக்காலத்தில் ஆறு கடக்க வைத்திருக்கும் சாமான் அது. உங்கள் இஞ்சினில் ஒரு சிலிண்டர் 625 மில்லி. அமுக்க விகிதம் 18 என்றால் மேலே மிஞ்சும் இடம் 37 மில்லி, இரண்டரை மேசைக்கரண்டி. அதற்குமேல் தண்ணீர் போனால் பிஸ்டனுக்கு இடமில்லை, கனெக்டிங் ராடு வளையும்.

ஆகவே ஸ்நார்க்கல் வைத்தால் மட்டும் போதாது, முழு வழியும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஃபெண்டரை வெட்டிய ஓரத்துக்கு உடனே சாயம் பூசுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடியும் துளை இருக்கும், பலர் மறப்பது அதைத்தான். ஒருவழி ரப்பர் வால்வு போடுங்கள். பிறகு இஞ்சினை ஐடிலில் விட்டு, ஸ்நார்க்கல் வாயை ரப்பர் பாய்த் துண்டால் மூடுங்கள். சில நொடிகளில் இஞ்சின் திணறி அடங்க வேண்டும். சாதாரணமாக ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஆற்றில் இறங்காதீர்கள். டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ் மூச்சுக் குழாய்களையும் மேலே தூக்கிக் கட்டுங்கள்.

சிப் ட்யூனிங் (இஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி டீசலைக் கூட்டுவது) பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கடையில் அதுவும் வரும். டீசல் இஞ்சினில் பவரைக் கூட்டுவது டீசல் எண்ணெய். காற்று போதாத வண்டிக்கு எண்ணெயைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். மலேசியாவின் 1996 டீசல் புகை விதிகளில் வரம்பு 50 ஹெச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). இப்போதைய புகையோடு நிறுத்திச் சோதித்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஃபெண்டரை வெட்டுமுன் ஜே.பி.ஜே.-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிராப் தண்ணீரில் வந்த இரண்டு அளவுகளையும், வெள்ளைத் துணியில் என்ன நிறம் வந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள் தம்பி. ஹோஸா, ஃபில்டரா, மேனிஃபோல்டா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.