ஊர்லேர்ந்து வந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு, கலை விழால பாட்டோட நடக்குற மரபு நடைக்கு (கைடு பழைய இடங்களைக் கதை சொல்லிக் காட்டுற நடை) காசு குடுத்துப் போகலாமா? சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு, லிட்டில் இந்தியா, அதான் தேக்கா, நமக்குத் தெரியாத இடமா?

இதானே நீங்க கேட்டது? அந்த ரெண்டாவது வரிக்காகத்தான் பதில் எழுத உக்காந்தேன். இந்த மாதிரி நடைகள்ல நான் பாடியிருக்கேன். உடனே "ஓ விளம்பரமா"ன்னு கிளம்பாதீங்க, இந்த வருசம் நான் பாடல, கமிஷனும் கிடையாது.

உங்களை மட்டும் சொல்லல, நாம எல்லாருமே தேக்காவுக்குப் போறது காய்கறி வாங்க, நகை பாக்க, சாப்பிட. யாரும் நிமிந்து பாக்குறதில்ல. டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல்ல வாசலுக்கு மேல சூரியன் மாதிரி ஒண்ணு இருக்கு, 25 கதிர், ஒவ்வொண்ணுலயும் ஒரு நபி பேரு அரபி எழுத்துல. அந்தத் தெருவுல வருசக்கணக்கா பிரியாணி சாப்பிடுற எங்க மச்சானுக்கே தெரியாது, "எங்க, எங்க"ன்னு கேக்குறார்.

ஆனா அதெல்லாம் கைடு சொல்ற கதை. காசு வாங்கிட்டு வழிகாட்டணும்னா இங்க லைசென்ஸ் வேணும், அதனால பெரும்பாலும் கைடு வேற ஆளு, பாடுறவங்க வேற ஆளு, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போனாத்தான் நடை நல்லாருக்கும். எனக்கு அமைஞ்சது தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்ல. நாகூர் தர்கா முன்னாடி, 1830 வாக்குல கட்டி முடிச்சது, அங்க நிறுத்தி "இப்ப நீங்க நிக்கிறதுதான் அந்தக் காலத்துக் கடற்கரை, மண்ணு கொட்டித் தூத்ததுக்கப்புறம்தான் கடல் அந்தப் பக்கம் போச்சு"ன்னு கைடு சொன்னார். சொல்லி முடிச்சதும் நான் மைக் இல்லாம ஏலேலோ எடுத்தேன். கப்பல் வந்து எறங்கின நம்மாளுங்க, ஆரம்ப காலத்துல சிங்கப்பூர் ஆத்துல சரக்குப் படகு தள்ளுனவங்க, அவங்க இடத்துல வேற எதைப் பாடுறது? வந்தவங்கள்ல பாதிப்பேருக்குத் தமிழ் தெரியாது. ஒரு சீன அங்கிள், கையில குடை, ரெண்டாவது தடவையே "ஐலசா"வைப் பிடிச்சுக்கிட்டார், மூணாவதுல மொத்தக் கூட்டமும் சொல்லுது. பின்பாட்டு உள்ள பாட்டா எடுத்தா இது ஒரு வசதி, சங்கீத ஞானமே வேணாம். பக்கத்துலயே அல் அப்ரார் பள்ளிவாசல், அதனால தொழுகை நேரம் பாத்துத்தான் நிறுத்தணும், நல்ல கைடுன்னா அது தெரிஞ்சிருக்கும்.

தேக்காவுல இருக்குற சிராங்கூன் ரோட்டுக்குன்னா காவடிச்சிந்து. அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குப் பாடுனது, நடைக்குன்னே பொறந்த தாளம், கால் தானா போகும். பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் தைப்பூசத்துக்கு அந்த ரோட்டுலதான் காவடி போகுது, 1973லேர்ந்து ஊர்வலத்துல வாத்தியத்துக்குத் தடை, 2016லதான் சில இடத்துல மட்டும் விட்டாங்க. அத்தனை வருசமும் வாயாலதான் பாடிக்கிட்டுப் போனோம், எங்கப்பா உட்பட. அதை அதே ரோட்டுல பாடணும்னு கேட்டா, ஏற்பாடு பண்ணுனவங்க (பேரு வேணாம்) "ஒரு நிமிசத்துல முடிங்க, சிக்னல் விழுந்துரும், அப்புறம் கொஞ்சம் கலர்ஃபுல்லா பட்டு ஜிப்பா போட்டுட்டு வாங்க"ன்னாங்க. மத்தியானம் மூணு மணி வெயில்ல பட்டு ஜிப்பா! சினிமாப் பாட்டு கேட்டாங்க, அதையும் சொல்லிடுறேன். சினிமாப் பாட்டு கேவலம்னு நான் சொல்ல வரல, வீட்ல நானும் அதைத்தான் கேக்குறேன், ஆனா அதுக்கும் அந்தத் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

இதுக்கெல்லாம் வீட்ல பயிற்சி பண்ணணுமில்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு, ஜன்னலைச் சாத்திட்டு, போன்ல சுருதி வச்சுப் பாடுனா மேல் வீட்டுக்காரர் கம்ப்ளைன்ட் பண்ணிட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு அவர் வீட்ல நாற்காலி இழுக்குற சத்தம் எங்க தலைக்கு மேல, அதை யார்கிட்ட சொல்றது? சரி விடுங்க.

போங்க, ஆனா கண்ணை மூடிக்கிட்டு டிக்கெட் வாங்காதீங்க. முதல்ல மெயில் போட்டு யார் பாடுறாங்க, நேர்ல பாடுறாங்களா இல்ல காதுல இயர்போன் மாட்டி ரெக்கார்டிங் விடுறாங்களான்னு கேளுங்க, ரெக்கார்டிங்னா விட்டுடுங்க, அதை அம்மா வீட்ல சோபாவுல உக்காந்தே கேக்கலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா வேணாம், அந்தக் கூட்டத்துல கைடு குரலே கேக்காது. அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா தெலுக் ஆயரே எடுங்க, எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் கிட்ட, தூரம் கம்மி. தேக்கா கடை வாசல் நடைபாதையில ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி ஏறும், ஒரு படி எறங்கும், பாட்டு கேக்குற ஞாபகத்துல தடுக்கிடும்.